பந்தின்மேல் இருக்காதே

புதிய கூடைப்பந்தின் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன மணிகளாக இருக்கும். விரல் நுனிக்குப் பிடி கிடைப்பதற்காக வைத்தவை அவை. மரப்பலகை பாவிய உள்ளரங்கில் ஆடினால் அந்த மணிகள் நெடுநாள் நிற்கும். திருகோணமலை போன்ற துறைமுக ஊரில், பாடசாலைத் திடலின் ஓரமாகப் போட்ட கொங்கிறீற் தரையில் அவற்றுக்கு ஆயுள் குறைவு. ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று தரையில் மணலைத் தூவிவிட்டுப் போகும். பகல் முழுக்க வெயில் குடித்த சிமெந்து, மாலை நாலரை மணிக்கும் வெறுங்காலைச் சுடும். ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்றும் மழையும். கொஞ்ச காலத்தில் பந்து மொழுமொழுவென்று ஆகி, வியர்த்த கையிலிருந்து நழுவத் தொடங்கிவிடும்.

ஆகவே நல்ல பயிற்றுநர் முதல் நாளே சொல்லிவிடுகிற சில விதிகள் உண்டு. எந்த விதிப்புத்தகத்திலும் அவை இல்லை. பந்தின்மேல் இருக்காதே: இருந்தால் உருண்டை நசிந்து, பிறகு தரையில் தட்டும்போது கோணலாக எழும்பும். காலால் உதைக்காதே. காற்றடிக்கும் ஊசியை ஈரப்படுத்தாமல் செருகாதே, உள்ளே இருக்கும் வால்வு கிழிந்துவிடும். உருண்டையாக எது கிடைத்தாலும் உதைத்துப் பார்க்கிற உதைபந்தாட்ட மாவட்டம் இது. கிண்ணியாவிலோ மூதூரிலோ தெருவில் வளர்ந்த பையனுக்கு இரண்டாவது விதி லேசில் மண்டையில் ஏறாது. அவனுடைய கால் தானாகவே போகும். அந்தக் காலை நிறுத்துவதில்தான் பயிற்சி தொடங்குகிறது.

இந்த ஆட்டத்துக்குப் பயிற்றுநர் தேவையா என்பதே ஒரு காலத்தில் கேள்வியாக இருந்தது. கேட்டவர் சாதாரண ஆளல்ல; ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவரிடம் இருந்த ஃபொக் அலன் என்ற மாணவரை, 1905 அளவில் பேக்கர் என்ற கல்லூரி தன் கூடைப்பந்து அணியைப் பயிற்றுவிக்க அழைத்தது. நெய்ஸ்மித்துக்கு அது வேடிக்கையாக இருந்ததாம். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, விளையாடத்தான் முடியும் என்பது அவருடைய கட்சி. அலன் விடவில்லை. எந்தக் கோணத்தில் பந்தைக் கொடுப்பது, எப்படி வளைந்து ஓடுவது என்பதையாவது சொல்லிக்கொடுக்கலாமே என்றார். பிற்பாடு அதே கன்சாஸில் அலன் ஏறத்தாழ நாற்பது வருடம் பயிற்றுநராக இருந்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களை வென்றார். நெய்ஸ்மித் அங்கே பயிற்றுவித்த காலத்துக் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழக ஆண்கள் அணியின் பயிற்றுநர்களில், வென்றதைவிட அதிகம் தோற்றவர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான்.

பந்து பிறந்த கதை பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1891 டிசம்பர், மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரம், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி. வெளியே பனி. உடற்பயிற்சி மண்டபத்துக்குள் அடைபட்டுச் சலித்துப்போன பதினெட்டு வளர்ந்த மாணவர்கள். அவர்களை ஒருவரோடொருவர் மோதவிடாமல் களைக்கவைக்க ஒரு ஆட்டம் வேண்டும் என்று நெய்ஸ்மித்துக்கு மேலிடத்து உத்தரவு. முன்பு உள்ளரங்கில் முயன்ற ஆட்டங்களில் கைகால் அடிபட்டதற்குக் காரணம், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை மற்றவன் மறித்து விழுத்துவதே என்று அவர் கண்டார். ஓடவே கூடாது என்று விதித்துவிட்டால் விழுத்த வேண்டிய தேவை இல்லை. இலக்கைத் தலைக்கு மேலே வைத்துவிட்டால் பலங்கொண்டு எறிவதால் பயன் இல்லை. வளைத்து, பதமாகத்தான் எறிய வேண்டும். கல்லூரிக் காவலாளி கொண்டுவந்து கொடுத்த பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்து மாடிக் கைப்பிடியில் அறைந்தார்கள். பதின்மூன்று விதிகளைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார்கள். பந்து கால்பந்து. கூடைக்கு அடி இருந்ததால், பந்து விழுந்த ஒரே தடவையும் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர் கென்சபுரோ இஷிகாவா என்ற யப்பானியர். அன்றைய ஆட்டத்தை அவர் படமாக வரைந்தும் வைத்தார். ஆசியாவுக்கு இந்த ஆட்டம் பிந்தி வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. முதல் நாளே ஓர் ஆசியன் களத்தில் நின்றான்.

கால்பந்து இதற்கு ஒத்துவரவில்லை. 1894 அளவில் ஸ்போல்டிங் நிறுவனம் தனிப் பந்து செய்து கொடுத்தது. வெளியே தோல், உள்ளே ரப்பர் பை, வாயைக் கட்ட ஒரு கயிறு. அந்தக் காலத்து ரப்பரில் பெரும்பகுதி அமேசான் காட்டு மரங்களிலிருந்து வடித்த பால். ஆனால் அதற்குள்ளேயே மரம் கப்பலேறிவிட்டது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகள் முளைத்து, கன்றுகளாக இலங்கைக்கு வந்து கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது வருடங்களுக்குள் உலகத்து ரப்பர் ஆசியத் தோட்டங்களின் கைக்கு மாறியது. 1942இல் மலாயா யப்பானியர் வசம் விழுந்தபோது நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இயற்கை ரப்பர் ஊற்று இலங்கைதான். அந்த ரப்பர் போகும் கடல்வழியைக் காத்த தளங்களில் ஒன்று திருகோணமலை. தளமாக இருந்ததால் அதே வருடம் ஏப்ரல் 9ஆம் திகதி குண்டு வாங்கிக்கொண்டது. ஆட்டம் இந்த ஊரில் வேரூன்றுமுன்பே, அதன் மூலப்பொருள் போகும் வழியைக் காத்த ஊர் அடிபட்டிருக்கிறது.

கயிறு கட்டிய தோல் பந்தை நம்பித் தரையில் தட்ட முடியாது. கயிற்று முடிச்சு பட்ட பக்கம் எங்காவது தெறித்துப்போகும். முதல் நாற்பது, ஐம்பது வருடங்களுக்குக் கூடைப்பந்து பெரும்பாலும் கொடுத்து வாங்குகிற ஆட்டமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1936இல் பேர்லினில் முதன்முறை ஒலிம்பிக்கில் சேர்த்தபோது இறுதி ஆட்டத்தைத் திறந்த வெளியில், டென்னிஸ் களத்துக் களிமண்ணில் நடத்தினார்கள். மழை கொட்டியது. பந்து சேற்றில் விழுந்து அப்படியே கிடந்தது. அமெரிக்கா 19, கனடா 8. நெய்ஸ்மித் அந்தப் போட்டிகளுக்கு வந்திருந்தார். மார்கழியில் வெளித் திடலில் ஆடிப் பார்த்த கிழக்கு மாகாணத்துப் பையன் யாரைக் கேட்டாலும், அந்தப் புள்ளிக் கணக்கு எப்படி வந்தது என்று விளக்குவான். அச்சில் வார்த்த, கயிறில்லாத பந்து 1940களில்தான் பரவியது. செம்மஞ்சள் நிறம் அதற்கும் பிந்தியது: மண்ணிறப் பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று டோனி ஹிங்கிள் என்ற அமெரிக்கப் பயிற்றுநர் 1950களின் பிற்பகுதியில் மாற்றச் சொன்னார்.

பந்து திருகோணமலைக்கு எந்த வழியாக வந்தது? உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. 1957 ஒக்டோபர் வரை பிரித்தானியக் கடற்படையின் தளம். கடலால் வந்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் கடற்படைக்காரரின் ஆட்டங்கள் உதைபந்தும் கிரிக்கெட்டும் றக்பியும் ஹொக்கியும். கூடைப்பந்து அமெரிக்கச் சரக்கு, அதைப் பிரித்தானியர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இந்தப் பக்கத்து நாடுகளுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் வை.எம்.சி.ஏ. ஆட்கள். மதராஸில் ஹரி குரோ பக் 1920இல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி, தென்னிந்தியாவுக்கே விளையாட்டு ஆசிரியர்களை வார்த்தெடுத்தது. கொழும்பு வை.எம்.சி.ஏ.யிலிருந்த இன்னொரு அமெரிக்கர் 1916இல் கரப்பந்தை இலங்கைக்கு அறிமுகம் செய்தார். அதுவும் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊரில் பிறந்த ஆட்டமே. வெறும் மண்ணில் இரண்டு கம்பும் ஒரு வலையும் இருந்தால் போதும் என்பதால் கரப்பந்து கிராமம் கிராமமாகப் போய், 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாகவும் ஆனது. கூடைப்பந்து அப்படிப் போகாது. அதற்குக் கெட்டித்தரை வேண்டும், பலகை வேண்டும், ஆடாமல் நிற்கும் தூண் வேண்டும். அதனால் அது பாடசாலை மதிலுக்குள்ளேயே வளர்ந்தது. யாருடைய பாடசாலை என்பதைப் பொறுத்துத்தான் கிழக்கில் அதன் கதை அமைந்தது.

திருகோணமலை கத்தோலிக்க மறைமாவட்டம் 1893இல் உருவானது. அதை ஏற்று நடத்தியவர்கள் பிரெஞ்சு இயேசு சபையினர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களிடம் ஆள் இல்லை. பொறுப்பு அமெரிக்காவின் தெற்கே இருந்த நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபைக்கு மாறியது. 1947இல் ஆயரான இக்னேஷியஸ் கிளெனி, மெக்சிக்கோவில் பிறந்து அந்த மாகாணத்தைச் சேர்ந்தவர். அவருக்குப் பின்னால் லூசியானா மாநிலத்து இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். அவர்கள் வளர்ந்த கல்விக்கூடங்களில் கூடைப்பந்து ஜெபம் மாதிரி அன்றாடக் காரியம். நியூ ஓர்லியன்ஸில் இயேசு சபை நடத்திய லொயோலா பல்கலைக்கழக அணி 1945இல் அமெரிக்கச் சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றிருந்தது. பிரெஞ்சுக் குருமாருக்குப் பதில் பெல்ஜியத்திலிருந்தோ இத்தாலியிலிருந்தோ ஆள் வந்திருந்தால் மட்டக்களப்பு, திருகோணமலைப் பாடசாலைகளின் விளையாட்டுச் சரித்திரமே வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் யூஜின் ஜோன் ஹீபர்ட். 1923 ஒக்டோபர் 9ஆம் திகதி லூசியானாவின் ஜெனிங்ஸ் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் வருடமே இங்கு வந்தார். அப்போது குருப்பட்டம்கூடப் பெறவில்லை, வயது இருபத்தைந்து அளவுதான். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படிப்பித்தார், கூடைப்பந்து பயிற்றுவித்தார். அவருடைய சபைத் தோழர் ஜோன் வெபர் அடிகளாரின் உழைப்பும் இதே பாதையில்தான். மட்டக்களப்பில் மாவட்டப் போட்டிகள் நடக்கும் வெபர் மைதானம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஹரி மில்லர் அடிகளார் புனித மிக்கேலின் இன்னொரு பெயர். இவர்கள் கையில் பட்ட அணிகள் கொழும்பின் பெரிய கல்லூரிகளோடு நின்று ஆடின. கிழக்கின் ஒரு மூலையிலிருந்து ஒரு இரவு முழுக்க ரயிலில் போய், மறுநாள் ஆடி வெல்லுகிற அணி என்ற பெயர் புனித மிக்கேலுக்கு வந்தது.

இங்கே ஒரு பக்கக் கதை சொல்லாமல் போக முடியாது. ஹீபர்ட் விட்டுவந்த லூசியானாவில், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே களத்தில் விளையாடுவதைத் தடை செய்து 1956இல் சட்டம் போட்டார்கள். நீதிமன்றம் பிறகு அதைத் தூக்கியெறிந்தது. ஆட்ட வரலாற்றிலேயே மிகச் சிறந்த தற்காப்பு வீரர் என்று பலர் சொல்லும் பில் ரசல் அதே மாநிலத்தின் மன்றோ நகரில் பிறந்தவர். நிறவெறி தாங்காமல் அவருடைய குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போயிற்று. அங்கே இயேசு சபையின் சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டு 1955, 1956 இரண்டு வருடமும் தேசியப் பட்டம் வென்றது. தங்கள் ஊரில் சட்டம் பிரித்து வைத்திருந்த நேரத்தில், லூசியானாக் குருமார் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பறங்கியரும் வாழ்கிற ஒரு துறைமுக நகரத்தில் பையன்களை ஐந்து ஐந்தாகப் பிரித்து ஆடவைத்தார்கள். 1956 இந்த நாட்டுக்கும் ஒரு பிரிவினைச் சட்டத்தின் வருடம்தான். தனிச்சிங்களச் சட்டமும் அந்த வருடமே வந்தது.

சரி, அவர்கள் சொல்லிக்கொடுத்தது என்ன? நெய்ஸ்மித்தும் அலனும் பட்ட வாதத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. ஆட்டம் நாற்பது நிமிடம். களத்தில் பத்துப் பேர், பந்து ஒன்று. சமமாகப் பங்கிட்டாலும் ஒருவன் கையில் பந்து இருப்பது நாலு நிமிடம். மிச்சம் முப்பத்தாறு நிமிடமும் அவன் பந்தில்லாமல்தான் ஆட வேண்டும். நெய்ஸ்மித் நாலு நிமிடத்தை நினைத்துப் பேசினார். அது உண்மையிலேயே அவனவன் கைவாக்கு. அலன் பேசியது முப்பத்தாறைப் பற்றி. எங்கே நிற்பது, எப்போது வெட்டி ஓடுவது, தோழன் வருவதற்கு எப்படி வழிவிடுவது, எதிராளியை முதுகால் தடுத்து வைத்து றிபவுண்ட் எடுக்கத் தோழனுக்கு எப்படி இடம் செய்வது: இதெல்லாம் தானாக வராது. மனிதனுடைய இயல்பு பந்து போகும் பக்கம் ஓடுவது. ஐந்து பேரும் பந்தைச் சுற்றி நின்றால் அது சந்தை.

பந்துகள் குறைந்த பாடசாலைக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. இருபது பையன்களுக்கு இரண்டு பந்து என்றால் எறிந்து பழக வரிசையில் நின்றே பொழுது போய்விடும். ஆனால் தற்காப்புப் பயிற்சிக்குப் பந்தே வேண்டாம். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கால் மற்றக் காலைத் தாண்டாமல் பக்கவாட்டில் சறுக்கி நகர்வது. விசில் ஊதினால் திசை மாறுவது. பத்து நிமிடத்தில் தொடை நெருப்பாக எரியும். ஊன்றுகாலைத் தூக்காமல் திரும்பிப் பழகுவதற்கும் ஒரு தேங்காய் போதும். இல்லாமையிலிருந்து வந்த பயிற்சி என்று இதற்கு இரங்க வேண்டியதில்லை. பந்து தாராளமாகக் கிடைத்த இடத்துப் பிள்ளைகள் எறிவதில் கெட்டிக்காரராகி, பின்னால் ஓடி வந்து காப்பதில் சோம்பேறியாவதை எந்தப் போட்டியிலும் பார்க்கலாம்.

இன்னொரு பழக்கம் இருந்தது. நடுவர் பவுல் என்று விசில் ஊதினால், செய்தவன் தானே கையை உயர்த்திக் காட்ட வேண்டும். புள்ளிக் குறிப்பாளரின் மேசைக்கு யார் என்று தெரிவதற்காக வந்த நடைமுறை. நாளடைவில் விதிப்புத்தகங்களிலிருந்து அது போய்விட்டது. பழைய ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் கையைத் தூக்குவார்கள். அந்தக் கை உயர்வதில் ஒரு கல்வி இருந்ததாக எனக்குப் படுகிறது. பவுல் செய்தது நான். நடுவர் சொல்லுமுன் நானே சொல்கிறேன். ஐந்தாவது என்றால் வெளியே போகிறேன், சண்டை இல்லை. இன்று தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டக்காரர்கள் விசில் கேட்டதும் இரண்டு கையையும் விரித்து, வானத்தைப் பார்த்து, தாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நடிக்கிறார்கள். பிள்ளைகள் எறிவதைக் கற்றுக்கொள்ளுமுன் அந்த நடிப்பைக் கற்றுக்கொள்கிறார்கள்.

பெண் பிள்ளைகளின் பந்து வேறு கிளையாகப் போனதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகே ஸ்மித் கல்லூரியில் 1892இலேயே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை இதைப் பெண்களுக்குக் கற்பித்தார். அது இங்கிலாந்துக்குப் போய் வலைப்பந்தாக மாறி, ஆங்கிலேயரோடு எங்கள் மகளிர் கல்லூரிகளுக்கு வந்தது. தரையில் தட்டக்கூடாது, பந்தோடு ஓடக்கூடாது, பின்னால் பலகை கிடையாது. பார்க்கப்போனால் நெய்ஸ்மித் சுவரில் ஒட்டிய தாளுக்கு இன்றைய கூடைப்பந்தைவிட வலைப்பந்துதான் கிட்ட நிற்கிறது. பலகை வந்ததே, மாடியில் இருந்து பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்ட தொல்லையால்தான். யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம், 2.08 மீற்றர் உயரம், இலங்கை அணியை 2009இல் ஆசியப் பட்டத்துக்குக் கொண்டுபோனது இந்தக் கிளையில். கிழக்கின் கூடைப்பந்துக்கு அப்படியொரு நட்சத்திரம் வாய்க்கவில்லை. அது அணிகளாலும் பயிற்றுநர்களாலும் அறியப்பட்ட ஆட்டமாகவே இருந்தது.

1960, 1961 சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றது. மிஷன் பாடசாலைகள் பல அரசின் கைக்குப் போயின. சரியா பிழையா என்பது பெரிய விவாதம், எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். பந்துக்கு நடந்தது மட்டும் சொல்கிறேன். பாடசாலைக்குள்ளேயே குடியிருந்து, மாலை மணி நாலானதும் அங்கியைக் கழற்றிவைத்துவிட்டு விசிலோடு இறங்குகிற ஆட்களின் காலம் மெல்ல மெல்ல முடிந்தது. இடமாற்றம் வந்தால் போகிற ஆசிரியர்களின் காலம் தொடங்கியது. அவர்களில் அருமையானவர்கள் உண்டு. ஆனால் ஒரு அணியை வார்க்க ஆறு, ஏழு வருடம் வேண்டும். பன்னிரண்டு வயதில் பிடித்த பிள்ளையைப் பத்தொன்பது வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். நாலு வருடத்தில் மாற்றலாகிப் போகிறவர் விதைத்ததை இன்னொருவர் வந்து அறுக்க வேண்டும். அந்த இன்னொருவருக்கு ஆட்டம் தெரிந்திருப்பது அதிர்ஷ்டம்.

பிறகு போர். 1983க்குப் பின் திருகோணமலையில் மாலை நேரம் என்பதே இல்லாமல் போனது. கூடைப்பந்து மாலையில் ஆடுகிற ஆட்டம், ஊரடங்கு மாலையில் தொடங்குகிற சட்டம். வேறு விளக்கம் தேவையில்லை. ஆறு மணிக்குள் வீட்டில் நிற்க வேண்டிய பிள்ளை நாலரைக்குத் தொடங்கும் பயிற்சிக்கு எந்தத் தைரியத்தில் வருவான்? சோதனைச்சாவடியில் விளையாட்டுப் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். வளர்ந்த பையன்கள் கூட்டமாக நிற்பதே சந்தேகத்துக்கு இடம். ஆட்டக்காரர்களின் வயதும் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் தேடுகிற வயதும் ஒன்று. பலர் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனார்கள்.

ஹீபர்ட் போகவில்லை. அப்போது அவர் மட்டக்களப்பில் இருந்தார். இளைஞர்களுக்குக் கைத்தொழில் பழக்கும் கிழக்குத் தொழினுட்ப நிறுவனத்தின் பொறுப்பு அவரிடம். 1990 ஓகஸ்ட் மாதம் கிழக்குக்கு மிகக் கொடிய மாதம். 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். 11ஆம் திகதி இரவும் 12ஆம் திகதி அதிகாலையும் ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்களை வீடுகளில் வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். பழிக்குப் பழி என்று தமிழரும் விழுந்தார்கள். அந்த நாட்களில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பாதை ஏறாவூரைத் தாண்டித்தான் வர வேண்டும். 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அறுபத்தாறு வயதான ஹீபர்ட், கூட ஒரு தமிழ் இளைஞனை ஏற்றிக்கொண்டு வாழைச்சேனையிலிருந்து தன் ஸ்கூட்டரில் புறப்பட்டார். மட்டக்களப்புக்கு வந்து சேரவில்லை. இருவருமே கிடைக்கவில்லை, ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. நாற்பத்திரண்டு வருடம் இந்த மாகாணத்தில் எல்லா இனத்துப் பையன்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒருவர் எங்கே போனார் என்று எந்த அரசும் இன்றுவரை சொல்லவில்லை. அவருடைய தோழர் ஹரி மில்லர் காணாமற்போனவர்களின் விபரங்களை எழுதி வைப்பதையே பிற்காலத்தில் தன் வேலையாக்கிக்கொண்டு மட்டக்களப்பிலேயே இருந்தார்.

வணக்கத்துக்குரியவராக ஹீபர்ட்டைப் படம் போட்டு மாட்டுவது எளிது, செய்தும் இருக்கிறார்கள். அவருடைய ஆட்டக்காரர்கள், இப்போது பேரப்பிள்ளை கண்டவர்கள், டொரொன்டோவிலும் மெல்பேர்னிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். சிலர் தங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்றுநர்கள். ஸ்காபறோவின் ஒரு உள்ளரங்கில், வழுவழுத்த மரத்தளத்தில், ஒரு தமிழ்த் தகப்பன் பிள்ளையைப் பார்த்து, பந்தின்மேல் இருக்காதே என்று சத்தம் போட்டால், அந்த அதட்டல் எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம். லூசியானாவில் புறப்பட்டு, கிழக்கிலங்கை வந்து, மறுபடி அதே கண்டத்துக்கு. பந்துக்கு அந்த வழி தெரியாது. இப்போது அது சீனாவிலோ தாய்லாந்திலோ வார்த்த, உள்ளே நைலோன் நூல் சுற்றிய செயற்கைத் தோல் பந்து. சுற்றளவு எழுபத்தைந்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட, எடை அறுநூறு கிராம் அளவில்.

2009க்குப் பிறகு திருகோணமலையில் மாலை திரும்பி வந்தது. உள்துறைமுக வீதியில் சனம் காற்று வாங்குகிறது. மக்கெய்சர் விளையாட்டரங்கில் உதைபந்துக்குக் கூட்டம் சேர்கிறது. கூடைப்பந்துக்கு அந்தக் கூட்டம் இல்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. அது எப்போதும் இங்கே சின்னக் கூட்டத்தின் ஆட்டம்தான். வருத்தம் வேறு இடத்தில். திடல் கட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறது: வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கம், மாகாண சபை, ஏதோ ஒரு தூதரகம். திறப்பு விழா, நாடா, பெயர்ப்பலகை எல்லாம் நடக்கிறது. நாளாந்தம் நாலரைக்கு வந்து, தரை கூட்டி, காற்றுப் பார்த்து, இருபது பிள்ளைகளின் முழங்காலை மடக்க வைக்கிற ஆளுக்குச் சம்பளத் திட்டத்தில் இடம் இல்லை. உடற்கல்வி ஆசிரியர் ஒருவருக்குக் கூடைப்பந்தோடு எல்லே, கரப்பந்து, மெய்வல்லுநர், சாரணியம், போதாக்குறைக்குத் தோட்டப் போட்டியும் தலையில். அதற்குள்ளும் ஒருசிலர் செய்கிறார்கள்.

ஒரு சின்ன வேலையைச் சொல்கிறேன். எறிவளையத்துக்குக் கீழே வண்ணம் அடித்த கட்டம், பன்னாட்டு விதிப்படி நெடுங்காலம் அடி அகன்று மேலே ஒடுங்கிய வடிவில் இருந்தது. 2010இல் அதை நீள்சதுரமாக்கினார்கள். மூன்று புள்ளிக் கோட்டையும் 6.25 மீற்றரிலிருந்து 6.75 மீற்றருக்குப் பின்னே தள்ளினார்கள். பழைய கோடே இன்னும் கிடக்கும் திடலில் பழகிய பிள்ளை புதிய கோடு போட்ட கொழும்பு அரங்குக்குப் போனால், அரை மீற்றர் குறைவாகவே எறிவான். ஏன் விழவில்லை என்றும் அவனுக்குத் தெரியாது. திருத்துவதற்கு ஒரு அளவுநாடா, சுண்ணக்கட்டி, ஒரு வாளி வெள்ளைப் பெயின்ற், இரண்டு பேர், ஒரு சனிக்கிழமை போதும். வளையத்தின் நடுவிலிருந்து தூக்குநூல் விட்டுத் தரையில் புள்ளி குறித்து, அங்கிருந்து நாடாவைப் பிடிக்க வேண்டும். பலகையிலிருந்து அளந்தால் கோடு பிழைக்கும்.